பழையதும் பெருங்குடலும்

2000-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வேலூர் சி.எம்.சி.யின் பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் குழுவினரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். காலரா கண்ட 48 பேர். எல்லோருக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல். ஒரு பிரிவினருக்கு அதில் அரிசி மாவு சேர்த்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு சிறுகுடலில் செரிக்காத சோள மாவுச்சத்து, லிட்டருக்கு 50 கிராம். வெறும் கரைசல் குடித்தவர்களைவிட, செரிக்காத மாவு குடித்தவர்களுக்குப் பேதி குறைந்தது, சீக்கிரம் நின்றது.

செரிக்காததைக் கொடுத்தால் வயிறு எப்படிச் சரியாகும்? அந்த மாவு நமக்கான சாப்பாடு இல்லை. பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்கானது. அவை அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. குடல் அவற்றை உறிஞ்சும்போது உப்பும் தண்ணீரும் கூடவே உள்ளே போகின்றன.

பியூட்டிரேட்டின் வேலை அதோடு முடியவில்லை. பெருங்குடலின் உள்சுவர் ஒற்றை அடுக்குச் செல்தான். ஒரு பக்கம் கோடானுகோடி பாக்டீரியா, மறுபக்கம் நோய் எதிர்ப்புச் செல்கள், நடுவே கொஞ்சம் சளிப்படலம். அந்தச் சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருளே பியூட்டிரேட். எதிர்ப்புச் செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருகவும் அது உதவுகிறது என்று 2013-ல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனிக் குழுக்கள் எலிகளில் காட்டின. மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், எல்லாவற்றுக்கும் அலாரம் அடிக்காமல் பார்த்துக்கொள்ளும் விதி. அந்த விதி குலைந்தால் உடம்பு தன் குடலையே தாக்கும்.

என் தம்பிக்கு நடப்பது அதுதான். நாலு வருஷமாக அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், தினமும் மெசலாமின் மாத்திரை. ஊர் திருவையாறு பக்கம். போன வருஷம் வாட்ஸாப்பில் ஒன்று வந்தது: பழையது சாப்பிட்டால் குடல்நோய் பறந்துவிடும், மாத்திரையே வேண்டாம். யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டான். மூன்றாம் மாசம் மறுபடி ரத்தம்.

"தாத்தாவெல்லாம் இதக் குடிச்சுட்டுத்தானேண்ணே வயல்ல கிடந்தாங்க?"

"தாத்தாவுக்கு இந்த நோய் இல்லைடா."

இதில் என்னைக் கடுப்பேற்றுவது, அந்த ஃபார்வர்டு முழுப் பொய் இல்லை என்பதுதான். சோறு ஆறும்போது மாவுச்சத்தில் கொஞ்சம் இறுகி, செரிக்காத வகையாக மாறுவது உண்மை. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் லாக்டிக் அமில பாக்டீரியாவும் சேரும். ஆனால் அளவு? 100 கிராம் ஆறிய சோற்றில் ஓரிரு கிராம் செரிக்காத மாவு இருந்தால் அதிகம். வேலூரில் கொடுத்தது லிட்டருக்கு 50 கிராம், அதுவும் காலராவுக்கு. எலியில் பார்த்ததை அப்படியே மனுஷனுக்கு வைத்துவிடவும் முடியாது.

ஒரே மருந்து எல்லாக் குடலிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்பதற்கும் வேலூர்தான் சாட்சி. மேல்நாட்டில் மூன்று தவணையில் எடுபட்ட போலியோ சொட்டு மருந்து நம் குழந்தைகளுக்கு அந்த அளவு எடுபடவில்லை என்று 1970-களிலேயே டி.ஜேக்கப் ஜான் அங்கிருந்து சொன்னார். குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் வேறு வைரஸ்கள் அதற்கு ஒரு காரணம். வீடு வீடாகத் திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து போட்டுத்தான் 2014-ல் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கினோம்.

தம்பிக்கு டாக்டர் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். பழையதை நிறுத்தச் சொல்லவில்லை. ரத்தம் நிற்கும்வரை சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் மட்டும் கூடாது. அம்மாவுக்கு அதில்தான் மனத்தாங்கல். "வெங்காயம் இல்லாம பழையத எப்புடிடா புள்ள குடிப்பான்?"