லாரி கேபினில் நாலு ராத்திரி

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

என்னோட எம்.பி.பி.எஸ். படிச்ச நண்பன் ஒருத்தன் அமெரிக்காவுல இருக்கான். போன லீவுக்குக் குடும்பத்தோட ஆர்.வி. ஒண்ணை வாடகைக்கு எடுத்து ஊர் சுத்தினான். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய வண்டி அது. ராத்திரி அதை நிறுத்தறதுக்குன்னே அங்க தனி இடம் இருக்கு, ஆர்.வி. பார்க்னு பேரு. ஒவ்வொரு வண்டிக்கும் நம்பர் போட்ட ஒரு இடம். அங்கேயே கரண்ட் பாயின்ட், குடிதண்ணிக் குழாய், கழிவுநீர் போக ஒரு குழாய். மூணையும் மாட்டிட்டா வண்டி வீடாயிடும். வீடியோ எடுத்து அனுப்பிட்டு, "நம்ம ஊர்ல இதெல்லாம் எப்ப மச்சான் வரும்?"னு கேட்டான்.

கேரளாவுல வந்துடுச்சு. 2021ல கேரவன் சுற்றுலாவுக்குன்னு கொள்கை அறிவிச்சு, 2022ல வாகமண்ல முதல் கேரவன் பார்க் திறந்தாங்க. ஆனா நான் அவனுக்கு அனுப்பின பதில் வேற. "வண்டியிலேயே தூங்கி, சமைச்சு, குளிச்சு வாழறவங்க நம்ம ஊர்ல ரொம்ப நாளா இருக்காங்கடா. பார்க்தான் இல்லை."

எங்க சித்தப்பா முப்பது வருஷமா லாரி டிரைவர். வயசு 54. எட்டு வருஷமா சுகர். மாசத்துல இருபது நாளுக்கு மேல லைன்லதான் இருப்பார். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல அவருக்கு மாத்திரை வீட்டுக்கே வந்துடுது. அருமையான திட்டம், எங்க ஓ.பி. கூட்டத்தைக் குறைச்ச திட்டம். ஆனா மருத்துவம் தேடிப் போற வீட்டுல சித்தி மட்டும்தான் இருக்காங்க. மாத்திரை ஃபிரிட்ஜ் மேல அடுக்கா இருக்கும். சித்தப்பா ஓங்கோல்லயோ நாக்பூர்லயோ இருப்பார்.

போன வருஷம் மே மாசம் எங்க வார்டுல ஒரு டிரைவர் அண்ணன் அட்மிட் ஆனார். 46 வயசு. லாரி எஞ்சின் சூடு கேபின் தரை வழியா ஏறி, பாதத்துல கொப்புளம். சுகரால கால் மரத்துப் போயிருந்ததால சுட்டதே தெரியலை. வண்டி குஜராத்ல இருந்திருக்கு, லோடு இறக்கி ஊர் திரும்பப் பதினோரு நாள். வந்தப்ப ரெண்டு விரல் கறுத்துப் போச்சு. எடுத்தோம். அதைக் கேட்டதும் சித்தி அழ ஆரம்பிச்சுட்டாங்க. "நீயே ஒரு தடவை கூடப் போய்ப் பார்த்துட்டு வாப்பா, அவரு என்னதான் பண்றாருன்னு."

அஞ்சு நாள் லீவு போட்டேன். பி.பி. மெஷின், சுகர் மெஷின், 25 ஸ்ட்ரிப் உள்ள ஒரு டப்பா. ஏறிட்டேன்.

நம்ம விருத்தாசலம் செராமிக் பேட்டையில ஏத்தின எலக்ட்ரிக்கல் பீங்கான் சாமான் லோடு, விஜயவாடாவுக்கு. பீங்கான்ங்கறதால மெதுவாத்தான் ஓட்டணும். ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பி உளுந்தூர்பேட்டை, சென்னை வெளிவட்டச் சாலைன்னு போய், விடியற நேரம் சூளூர்பேட்டை தாண்டி ஒரு தாபாவுல நிறுத்தினார். மூணு மணி நேரம் தூக்கம், அவ்வளவுதான். சீட்டுக்குப் பின்னாடி ஒரு பலகை, அதுல அவர். எஞ்சின் மேல மெத்தை விரிச்சு நான். எஞ்சின் சூடு அடங்கவே ஒரு மணி நேரம் ஆகும். வெறும் கல் மேல படுத்தா இட்லிக்கு எப்படி இருக்கும்னு அன்னைக்குப் புரிஞ்சுது.

ரெண்டாவது, மூணாவது ராத்திரி விஜயவாடாவுக்கு வெளியே ஒரு லாரி பார்க்கிங்ல. நம்ம நாட்டு ஆர்.வி. பார்க்னா அதுதான்.

அறுபது எழுபது வண்டி நிக்குது. நாள் வாடகை உண்டு. தண்ணிக்கு ஒரே ஒரு போர் பைப். கக்கூஸ் அஞ்சு, அதுல ரெண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை, போறதுக்குத் தனிக்காசு. போன் சார்ஜ் போட டீக்கடைதான். கொசுவைப் பத்தித் தனிப் பதிவே போடலாம்.

ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அந்த இடம் வேற மாதிரி ஆயிடும். நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் சொந்தம். டி.என். 28னா நாமக்கல், 34 திருச்செங்கோடு, 52 சங்ககிரி. எங்க 31ஐப் பார்த்துட்டு ஒருத்தர், "கடலூரா? எனக்குப் பண்ருட்டிப் பலாப்பழம் கொண்டாரலையா?"ன்னார். வண்டிக்கு அடியில பெட்டியைத் திறந்தா அடுப்பு, குக்கர், மசாலா டப்பா, வடகம் வரைக்கும் இருக்கு. ஒருத்தர் அரிசி, ஒருத்தர் கேஸ், இன்னொருத்தர் தக்காளி. பக்கத்துல ராஜஸ்தான் வண்டிக்காரர் எங்களுக்கு நாலு ரொட்டி கொடுத்துட்டு ரசம் வாங்கிட்டுப் போனார், அப்புறம் திரும்ப வந்து இன்னொரு டம்ளர் கேட்டார். வண்டி வண்டியாக் கயிறு கட்டி லுங்கி காயுது. எல்லார் போன்லயும் வீடியோ காலில் ஒரு குழந்தை.

(திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரங்க இதுல இன்னும் ஒரு படி மேல. ஒரு வண்டியில ரிக், இன்னொரு வண்டியில பைப்பு, சாமான், அடுப்பு, படுக்கை எல்லாம். மாசக்கணக்கா மாநிலம் மாநிலமாச் சுத்துவாங்க.)

சித்தப்பா பெருமைக்கு "தம்பி டாக்டரு"ன்னு சொல்லிட்டார். அவ்வளவுதான், வரிசை கட்டிட்டாங்க. மூணாவது ராத்திரி பத்து மணிக்குள்ள ஸ்ட்ரிப் டப்பா காலி. ஒருத்தருக்கு 412. அவர் ஏற்கெனவே சுகர் நோயாளி. மாத்திரை பையிலேயே இருக்கு, போடலை. ஏன்னு கேட்டேன்.

"ஒட்டும்போது தலை சுத்துச்சு டாக்டர். ஒரு தடவை வண்டியே மரத்துல ஏறப் பார்த்துச்சு. அதுல இருந்து போடறதில்லை."

லோ சுகர். அவர் போட்டது கிளிமிபிரைடு. மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பாட்டு நேரம் தள்ளிப் போச்சுன்னா சுகர் 70க்குக் கீழே இறங்கும். வேர்க்கும், கை நடுங்கும், கண்ணு மங்கும், யோசனை குழம்பும். முப்பது டன் வண்டியோட ஸ்டியரிங்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு அது என்ன அர்த்தம்னு நான் சொல்லத் தேவையில்லை. அவர் பயந்தது நியாயம். இன்னொருத்தருக்கு நீர் பிரியற பி.பி. மாத்திரை. ஆந்திரா ரோட்டுல மணிக்கொரு தடவை எங்கே நிறுத்தறது? அதையும் தூக்கிப் போட்டுட்டார். மூணாவது ஆள் பகல்ல தண்ணியே குடிக்கிறதில்லை, அதே காரணம். ரெண்டு தடவை கிட்னி கல் எடுத்தவர்.

இவங்களை "சொன்ன பேச்சு கேட்காத பேஷன்ட்"னு கேஸ் ஷீட்ல எழுதறது சுலபம். நிறுத்த இடம் இல்லாத ஆளுக்கு, நிறுத்த இடம் தேவைப்படற மாத்திரை. பிரச்சினை அங்க இருக்கு.

தூக்கத்தையும் சொல்லிடறேன். 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தா, மூளையோட வேகம் ரத்தத்துல 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கிறவரோட வேகம்தான்னு ஆய்வுகள் சொல்லுது. நம்ம சட்டத்துல ஓட்டுநருக்கு அனுமதி 30 மில்லிகிராம் வரைக்கும்தான். ஊதச் சொல்லிப் பார்க்க மெஷின் இருக்கு, தூக்கத்துக்கு மெஷின் இல்லை. 1961ல வந்து 2025 வரைக்கும் அமல்ல இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலைன்னு சொல்லுச்சு. சித்தப்பாகிட்ட சொன்னேன். சிரிச்சார். "8 மணி நேரம் ஓட்டிட்டு மீதி நேரம் எங்கடா நிக்கிறது?"

மாற்றமே இல்லைன்னும் சொல்ல முடியாது. 2025 அக்டோபர் 1க்குப் பிறகு தயாரிக்கிற லாரிகள்ல கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். பழைய வண்டிக்கு இல்லை, சித்தப்பா வண்டி பழசு. அரசு எண்ணெய் நிறுவனங்கள் நெடுஞ்சாலை பங்க்குகள்ல "அப்னா கர்"னு டிரைவர்களுக்கு ஓய்வு இடம் கட்டிக்கிட்டு வர்றாங்க. கட்டில், குளியலறை, கக்கூஸ், சொந்தமாச் சமைக்க இடம். திரும்பி வரும்போது குண்டூர்ல மிளகாய் லோடு. நாலாவது ராத்திரி மூட்டைகளோட நெடி கண்ணைப் பிடுங்க கேபின்ல படுத்துக்கிட்டு, இருமிக்கிட்டே அந்தக் கட்டிலைத்தான் நினைச்சேன்.

வீட்டுல டிரைவர் இருக்கிறவங்க இதைக் குறிச்சு வச்சுக்குங்க. மெட்ஃபார்மின் மட்டும் போடறவங்களுக்கு லோ சுகர் ஆகறது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் போடறவங்க வண்டி எடுக்கும் முன்னாடி சுகர் பார்க்கணும். 90க்குக் கீழே இருந்தா சாப்பிட்டுட்டுத்தான் சாவி. வழியில படபடப்பு வந்தா ஓரம் கட்டி மூணு ஸ்பூன் சர்க்கரை, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி டெஸ்ட், அப்புறம் ஏதாவது சாப்பாடு. சுகர் சரியான பிறகும் முக்கால் மணி நேரம் ஓட்டாதீங்க, மூளை தெளிய அவ்வளவு நேரம் ஆகும். மாத்திரையை நீங்களா நிறுத்தாம, "நான் டிரைவர்"னு டாக்டர்கிட்ட முதல் வரியிலேயே சொல்லுங்க. மாத்தித் தர வேற மருந்து இருக்கு. தினமும் படுக்கும் முன்னாடி பாதத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க.

சித்தப்பாவுக்கு இப்ப இன்சுலின். பிரிக்காத பாட்டில் வீட்டு ஃபிரிட்ஜ்ல இருக்கும். பிரிச்சதை 30 டிகிரிக்குக் கீழே வச்சா சுமார் நாலு வாரம் தாங்கும், ஆனா கேபின்ல அந்த 30 டிகிரிக்கு எங்கே போறது? ஒரு பெரிய மண்பானை, உள்ளே சின்னப் பானை, நடுவுல ஈர மணல். தண்ணி கசிஞ்சு ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி. ஃபிரிட்ஜ் இல்லாத ஊர்கள்ல இன்சுலின் வைக்க இந்த வழி உண்டு. சித்தப்பா முதல்ல நம்ம ஊர் பீங்கான் ஜாடியைத்தான் எடுத்துட்டு வந்தார். பளபளன்னு கிளேஸ் போட்டதுல தண்ணி கசியாது சித்தப்பா, சுட்ட மண்பானைதான் வேணும்னு சொல்லி மாத்தினேன்.

மூணு மாச சராசரி சுகர் 10.4ல இருந்து 8.1க்கு வந்திருக்கு. இன்னும் இறங்கணும். நாளைக்கு நாக்பூர் லோடு. கிளீனர் பையன் மணலுக்குத் தண்ணி ஊத்த மறக்கறானாம், அவனுக்கு போன்ல அலாரம் வச்சுக் கொடுத்திருக்கேன்.