பைப்பு போகட்டும், மரை நிக்கணும்

தூத்துக்குடியில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலே பெயின்ட் பளபளக்கும். குனிந்து அடியில் பார்த்தால் பிரேக் பைப் துருவேறிச் செதில் செதிலாக உதிரும். துறைமுகம் போகும் சாலையோரப் பட்டறை ஒன்றில் பழைய அம்பாசடருக்குப் பின்சக்கர வீல் சிலிண்டர் மாற்றுவதைப் பார்க்கப் போயிருந்தேன். 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. இதில் புதிதாக ஒன்றை மாட்டுவது சுலபம். பழையதை உடைக்காமல் கழற்றுவதுதான் வேலை.

பட்டறைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுகிறார்கள். முந்தின நாள் சாயங்காலமே பிரேக் பைப்பின் நட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற வைத்திருந்தார். காலையில் இன்னொரு தடவை அடித்துவிட்டு டீ சொன்னார்.

கூட இருந்த பையன் ஓப்பன் ஸ்பேனரை எடுத்தான். “அத கீழ வைலே” என்றார். ஓப்பன் ஸ்பேனர் நட்டின் இரண்டு பட்டையைத்தான் பிடிக்கும்; இறுகிப்போன நட்டு ஒரே திருப்பில் மழுங்கிவிடும். பைப் நுழையும் அளவுக்கு மட்டும் வாய் திறந்த ரிங் ஸ்பேனர் ஐந்து பட்டையைக் கவ்வும். அண்ணாச்சியின் கையில் இருந்தது, பழைய ரிங் ஸ்பேனரை அவரே அறுத்துச் செய்தது.

கழற்றுமுன் துளி இறுக்கினார். “துரு உடையணும் சார். எந்தப் பக்கம் உடைஞ்சா என்ன?” நட்டைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டினார். கொஞ்சம் இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். டக்கென்று நட்டு அசைந்தது. பையன் முகம் மலர்ந்தது. அண்ணாச்சியோ கையை எடுத்துவிட்டார். பைப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுக்கிக்கொண்டிருந்தது. வெளி மரை விட்டுவிட்டது, உள்ளே பைப்பைப் பிடித்த துரு விடவில்லை.

“கேஸ் வச்சுக் காய்ச்சிருவமா அண்ணாச்சி?” என்றான் பையன்.

“உள்ள பிரேக் ஆயில் கெடக்கு, பக்கத்துல ரப்பர் ஹோஸ். பட்டறையக் கொளுத்தவா?”

அவருடைய கணக்கு வேறு. வீல் சிலிண்டர் எப்படியும் புதிது. பைப் கடையில் கிடைக்கும். ஆக்ஸிலின் மேல் உட்கார்ந்து பைப்புகளைச் சேர்க்கும் யூனியன்தான் லேசில் கிடைக்காது. அதன் மரை போனால் வண்டியே முடங்கும். அதனால் பைப்பை நட்டுக்கு ஒட்டி இரண்டு முனையிலும் வெட்டினார். தலை மொட்டையான நட்டின்மேல் இப்போது ஆறு பட்டை சாக்கெட்டே முழுசாக உட்கார்ந்தது. யூனியன் பக்கத்து நட்டு முனகிக்கொண்டே வந்தது. மரையில் ஒரு கீறலும் இல்லை.

புதுப் பைப் 3/16 அங்குல எஃகு. முனையை இரட்டை மடிப்பாக ஃப்ளேர் அடித்தார். ஒற்றை மடிப்பு பிரேக்கின் அழுத்தத்தில் விரிசல் விடும். நட்டை மாட்டும்போது ஸ்பேனரைத் தொடவிடவில்லை. பழைய வண்டியில் 3/8 அங்குல மரை, அங்குலத்துக்கு 24 சுற்று. கடையில் தவறிப்போய் 10 மில்லிமீட்டர் நட்டைக் கொடுத்துவிட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. “வெரலாலயே கடைசி வரைக்கும் ஏறணும். ஸ்பேனரக் கேட்டா அது நம்ம மரை இல்ல.”

பையன் பெடலை மிதிக்க மிதிக்க ஏர் எடுத்து முடிக்கையில் பொழுது சாய்ந்துவிட்டது. வண்டிக்காரர் வந்து, “ரெண்டு நட்டுக்கு ஒரு நாளா அண்ணாச்சி?” என்றார். பில்லில் சிலிண்டர், பைப், பிரேக் ஆயில், மாட்டுக்கூலி, அவ்வளவுதான். முந்தின நாள் சாயங்காலத்துக்கும் காலையில் காத்திருந்ததற்கும் அதில் ஒரு வரிகூட எழுதவில்லையே என்று கேட்டேன்.

“ஊற வச்சதுக்குக் கூலின்னு எழுதுனா தர்றவன் எவன் சார்? ஊற வைக்காம ஒடச்சிருந்தா, புது யூனியனுக்கு மட்டும் கேக்காமக் குடுத்திருப்பாரு.”