டீக்கடைப் பிரசங்கம்

மண்டகப்பட்டுக் குகைக் கோயிலைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் சாலையோரத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். உடன் வந்த கல்வெட்டுப் பண்டிதர் அங்கேயே பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார்.

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிப் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் அக்கோயிலைக் குடைவித்து, அதைப் பாறையிலும் பொறித்து வைத்த 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவன் மகேந்திரவர்மனே 'மத்தவிலாசப் பிரஹஸனம்' என்னும் ஹாஸ்ய நாடகத்தையும் எழுதியவன். அதிலே காபாலிகன் ஒருவன் காஞ்சிபுரத்துக் கள்ளுக்கடையை யாகசாலையாகவே பாவித்து வியாக்கியானம் செய்கிறான்: கள்தான் ஸோமரஸம், குடிகாரர்களே புரோகிதர்கள்! பிறகு கபாலத்தைக் காணோமென்று ஒரு பௌத்த பிக்ஷுவைப் பிடித்துக்கொண்டு தர்க்கம் செய்கிறான். கடைசியில் பார்த்தால், திருடியது நாய்!

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

"பிறந்தது முதல் அந்தப் பாறையைப் பார்க்கிறேன். ராஜா இத்தனை வேடிக்கைக்காரர் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே, சாமி!" என்றார்.

பண்டிதர் நம்மைப் பார்த்தார். நாம் தம்ளரைப் பார்த்தோம்.