விடுதலையின் பாக்கி

2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது நான் படிவம் மூன்றில் இருந்தேன். பள்ளியில் ஒரு பழைய மைலோ டின்னை வகுப்பு வகுப்பாகக் கொண்டு வந்து காசு சேர்த்தார்கள். நானும் ஒரு வெள்ளி போட்டேன். அன்று இரவு செய்தி பார்த்துக்கொண்டிருந்த தாத்தா, "எந்த ஊருய்யா அது?" என்று கேட்டார். "ஆப்பிரிக்கா பக்கம் தாத்தா. ரொம்ப ஏழை நாடு" என்றேன்.

அது கரீபியன் கடலில் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஏழை நாடு என்பது மட்டும் தெரியும். ஏன் ஏழை என்று தாத்தாவும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பத்து வருடங்களுக்கும் மேலாகிவிட்டது. பட்டம் முடித்து, ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். இரவு ஷிப்டில் இயந்திரங்கள் ஒழுங்காக ஓடினால் வாசிக்க நேரம் கிடைக்கும். அப்படித்தான் சி.எல்.ஆர். ஜேம்ஸ் எழுதிய 'தி பிளாக் ஜாகோபின்ஸ்' கையில் சிக்கியது. டிரினிடாட்காரர் 1938-இல் எழுதிய புத்தகம். இதைப் பற்றி யாருமே ஏன் நம்மிடம் சொல்லவில்லை என்ற கோபத்தோடுதான் அதை முடித்தேன்.

ஹைட்டியின் பழைய பெயர் சான்-டொமிங்கு. பிரான்சுக்கு மிக அதிகமாகச் சம்பாதித்துக் கொடுத்த காலனி. 1789 வாக்கில் அங்கே சுமார் ஐந்து லட்சம் அடிமைகள் இருந்தார்கள். ஐரோப்பாவின் சீனியிலும் காப்பியிலும் பெரும்பங்கு அவர்கள் உழைப்பு. 1791 ஆகஸ்டில் அவர்கள் கரும்புத் தோட்டங்களுக்குத் தீ வைத்தார்கள். பதின்மூன்று வருடம் நடந்த சண்டையில் பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள், ஸ்பெயின் படை, பிரிட்டிஷ் படை, கடைசியில் நெப்போலியன் அனுப்பிய பெரும்படை என்று எல்லாரையும் எதிர்கொண்டார்கள். அவர்களின் தளபதி டூசான் லூவெர்தூர் ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர். அவரைப் பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்துப் பிடித்து பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். மலைக்கோட்டைச் சிறையில், குளிரில், 1803 ஏப்ரலில் இறந்துபோனார். ஆனாலும் சண்டை நிற்கவில்லை. 1804 ஜனவரி 1 அன்று டெசாலின் விடுதலையை அறிவித்தார். நாட்டுக்கு பூர்வகுடிகள் வைத்திருந்த பெயரையே திரும்ப வைத்தார்கள்.

இதன் அதிர்வு எங்கெல்லாம் போனது என்று பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கம் கலைந்தது. சான்-டொமிங்கு கைவிட்டுப் போகிறது என்று தெரிந்ததும் நெப்போலியனுக்கு வட அமெரிக்காவில் இருந்த லூயிசியானா தேவைப்படவில்லை. 1803-இல் அதை ஒன்றரைக் கோடி டாலருக்கு விற்றுவிட்டார். மலேசியாவைப் போல ஆறு மடங்குக்கும் மேற்பட்ட நிலம். ஒரே கையெழுத்தில் அமெரிக்காவின் பரப்பளவு இரண்டு மடங்கானது. ஆனால் அந்த நிலத்தில் பின்னால் வளர்ந்ததும் அடிமைகளின் உழைப்புதான். சான்-டொமிங்குவில் குறைந்துபோன சீனியை ஈடுகட்ட கியூபாவில் இன்னும் அடிமைகளை இறக்கினார்கள். ஒரு தீவின் விடுதலை இன்னோர் இடத்தில் விலங்காகவும் மாறியிருக்கிறது.

தென் அமெரிக்காவின் கதை வேறு மாதிரி. தோற்று ஓடிவந்த சிமோன் பொலிவாருக்கு 1816-இல் ஹைட்டியின் அதிபர் பெத்தியோன் துப்பாக்கியும் வெடிமருந்தும் கப்பலும் கொடுத்தார். காசு கேட்கவில்லை. "நீ விடுவிக்கும் இடங்களில் அடிமைகளையும் விடுவிக்க வேண்டும்" என்பது மட்டும்தான் நிபந்தனை. பத்தே வருடத்தில் பனாமாவில் புதிய அமெரிக்க நாடுகளின் மாநாடு கூடியபோது ஹைட்டிக்கு அழைப்பு இல்லை. அமெரிக்கா அதை ஒரு நாடாக ஏற்றுக்கொண்டது 1862-இல்தான்.

பில் வந்தது 1825-இல். பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்ல்ஸ் போர்க்கப்பல்களோடு ஒரு ஆணையை அனுப்பினார். விடுதலையை அங்கீகரிக்க 15 கோடி பிராங்க் கட்ட வேண்டும். யாருக்கு? நிலத்தையும் அடிமைகளையும் 'இழந்த' முதலாளிகளுக்கு. முதல் தவணையைக் கட்டவே பிரெஞ்சு வங்கியில் கடன் வாங்க வேண்டியிருந்தது. 1838-இல் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். ஆனாலும் அதையொட்டி வளர்ந்த கடன்கள் தீர்ந்தது 1947-இல். தொழிற்சாலையில் ஒரு பம்ப் அடிக்கடி நின்றுபோனால் பம்பைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, லாக் புத்தகத்தைப் புரட்ட வேண்டும் என்று ஜூனியர்களிடம் சொல்வேன். ஹைட்டி விஷயத்தில் நானே அந்தப் புத்தகத்தைப் புரட்டியதில்லை.

ஹைட்டி விஷயத்தில் மட்டுமா?

சில வருடங்களுக்கு முன் ஒரு உறவுக்காரர் கல்யாணத்தில், எங்கள் மேசையில் தோட்டத்து ஆட்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "நம்ம ஆளுங்களுக்குச் சேமிக்கத் தெரியாது. அதான் இப்படியே இருக்காங்க" என்று நான் சொன்னேன். பெரிய சம்பளம் வாங்க ஆரம்பித்த புதிது. தாத்தா எதிரே உட்கார்ந்திருந்தார். அறுபது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் உழைத்தவர். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

தோட்டத்தை விற்றபோது அவருக்குக் கிடைத்தது சில ஆயிரம் வெள்ளி. லயத்தைக் காலி செய்து, பட்டணத்தில் வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டி, அத்தை கல்யாணக் கடனை அடைத்ததும் அது முடிந்துபோனது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிப் பேசினேன்.

அந்தத் தீவுக்கும் எங்கள் லயத்துக்கும் இடையே நேர்கோடு எதுவும் இல்லை. ஆனால் ஒரு வளைந்த கோடு இருக்கிறது. இன்னொரு சான்-டொமிங்கு வந்துவிடுமோ என்ற பயம், ஜமைக்காவில் 1831-இல் வெடித்த அடிமைகளின் எழுச்சி, இங்கிலாந்தில் நடந்த பிரச்சாரம் எல்லாம் சேர்ந்து 1833-இல் பிரிட்டன் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. அப்போதும் 2 கோடி பவுன் இழப்பீடு போனது முதலாளிகளுக்குத்தான். அடிமைகள் இல்லாத தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கப்பலேற்றினார்கள். கரீபியன் காப்பி சரிந்தபோது இலங்கையில் காப்பி வளர்ந்தது, அதற்குத் தமிழர்கள் போனார்கள். அங்கே இலைநோய் வந்து காப்பி அழிந்ததும் சில துரைமார்கள் மலாயாவுக்கு வந்து காப்பி போட்டார்கள், பிறகு கித்தா. கங்காணியும் கூடவே வந்தான்.

போன மாதம் தாத்தாவிடம் இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். அவருக்கு எண்பத்து நாலு வயது. காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"தப்பிச்சு வந்தவன் மொதலாளிக்குக் காசு கட்டணுமா?"

"ஆமா தாத்தா. கட்டி முடிக்க 1947 ஆயிருச்சு."

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "அப்ப எனக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடத்த விட்டுட்டு மங்கு தொடைக்கப் போயிட்டேன்."

கல்யாண மேசையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. "ஏன் தாத்தா பள்ளிக்கூடத்த விட்டீங்க?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் அவரிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் சொல்ல ஆரம்பித்தார். அன்று மதியம் முழுக்கச் சொன்னார்.