இளவரசனும் அவன் நிழலும்

மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பார்கள் பெரியோர். பின்னால் பிறந்தவர் முன்னால் பிறந்தவரைப் போல் இருந்தால்தான் பெருமையா? சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு வழக்கு இக்கேள்வியை என் மனத்தில் எழுப்பியது. அவ்வழக்குக்குக் காரணம் ஒரு கணினி விளையாட்டு என்றால் சிரிப்பீர்கள். சற்றுப் பொறுத்துப் படியுங்கள்.

என் அக்கா இதே பள்ளியில் படித்தவள். பரிசளிப்பு விழாவில் அவள் பெயர் ஒலிக்காத ஆண்டே இல்லை. இப்போது கல்லூரி விடுதியில் இருக்கும் அவள், விடுமுறைக்கு வரும்போது தன் மடிக்கணினியில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி லாஸ்ட் க்ரௌன்' என்ற விளையாட்டைக் கொண்டு வந்தாள். அது 2024 ஜனவரியில் வெளிவந்தது. பெயரைக் கேட்டதும், நாளிதழில் மூழ்கியிருந்த அப்பா எழுந்தே வந்துவிட்டார்!

அப்பா பள்ளியில் படித்த காலத்தில் கணினி அறைக்குச் செல்வது வாரத்துக்கு ஒரு முறைதானாம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஒரு கணினிக்கு மூவராக அமர்வார்களாம். ஆசிரியர் அந்தப் பக்கம் திரும்பியதும் 'பிரின்ஸ்' தொடங்கிவிடுமாம்.

அந்தப் பழைய விளையாட்டு 1989-இல் வெளிவந்தது. அதைப் பெரும்பாலும் தனி ஒருவராகவே உருவாக்கியவர் ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர். தம் தம்பி டேவிட்டை ஓடச் சொல்லியும் தாவச் சொல்லியும் வீடியோவில் படம் பிடித்து, ஒவ்வோர் அசைவையும் பார்த்து வரைந்தார். அதனால்தான் அந்த வீரன் பொம்மையைப் போல் துள்ளாமல், உயிருள்ள மனிதனைப் போல் மூச்சிரைக்க ஓடினான். "என்னை மணந்துகொள், இல்லையேல் சாவு" என்று ஜாஃபர் என்னும் கொடியவன் இளவரசிக்குக் கெடு வைக்கிறான். கெடு அறுபதே நிமிடம். நிலவறையில் கிடக்கும் வீரன் அதற்குள் அவளிடம் போய்ச் சேர வேண்டும். கால் வைத்தால் சரியும் தரைக்கற்கள் உண்டு. ஓடினால் குத்திவிடும் முட்கள் உண்டு. ஆனால் மெதுவாக நடப்பவரை அதே முட்கள் ஒன்றும் செய்வதில்லை!

புதிய விளையாட்டைப் பத்து நிமிடம் பார்த்த அப்பா, "இது எங்க பிரின்ஸ் இல்லம்மா" என்று தீர்ப்புக் கூறிவிட்டார். அவர் கூறிய குற்றங்கள் மூன்று. கதாநாயகன் இளவரசனே அல்லன். கடத்தப்பட்ட இளவரசன் கசானை மீட்கப் புறப்பட்ட சார்கோன் என்ற போர்வீரன். இரண்டாவது, அறுபது நிமிடக் கெடு இல்லை. வழியில் பொன்னிற இலைகளோடு நிற்கும் வக்வக் மரத்தடியில் இளைப்பாறிக்கொள்ளலாம். மூன்றாவது, வாளும் வில்லும் மாய சக்திகளுமாக எல்லாமே அதிகம்.

அக்கா விடவில்லை. "உங்க ஆளும் ஆரம்பத்துல இளவரசன் இல்லையேப்பா! ஊர் பேர் தெரியாத வழிப்போக்கன்தானே?" என்றாள். அப்பாவிடம் பதில் இல்லை. இருவரும் என்னை நடுவராக்கினார்கள். மூன்று நாட்கள் விளையாடிப் பார்த்த பிறகே நான் தீர்ப்புச் சொன்னேன்.

கெடுவைப் பற்றி அப்பா கூறியது நியாயம். நேரம் கரைகிறதே என்ற அந்தப் படபடப்பு புதியதில் இல்லை, அது இழப்புதான். ஆனால் 2003-இல் வந்த 'தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' முப்பரிமாணமாக மாறியிருக்க, இவ்விளையாட்டு மீண்டும் பழையபடி பக்கவாட்டிலிருந்து பார்க்கும் முறைக்கே திரும்பியிருக்கிறது. இங்கும் முட்கள் உண்டு, படுகுழிகள் உண்டு. தவறி விழுந்தால் தவறு நம் விரல்களுடையதே. பழையதில் இல்லாத ஒரு மரியாதையும் இதில் உண்டு: கதை மாந்தரைப் பாரசீக மொழியிலேயே பேச வைக்கலாம். பாரசீகப் புராணத்தின் சிமுர்க் பறவையும் காஃப் மலையும் கதையின் உயிராகவே வருகின்றன.

என்னை மிகவும் கவர்ந்தது நிழல்தான். சார்கோனுக்குக் கிடைக்கும் சக்திகளுள் ஒன்று, தன் நிழலுருவை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, வேண்டும்போது அவ்விடத்துக்கே திரும்பி வருவது. அதைக் கண்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்களுக்கும் நிழல் உண்டு!" என்றார்.

பழைய விளையாட்டில் வீரன் ஒரு கண்ணாடியின் ஊடே தாவும்போது அவனுடைய நிழலுரு பிரிந்து ஓடுகிறது. அவன் குடிக்க வேண்டிய மருந்தைக் குடிக்கிறது. அவன் முகத்துக்கு நேரே கதவை அடைக்கிறது. இறுதியில் வாளோடு எதிரே வந்து நிற்கிறது. அதை வெட்டினால் வெட்டு நம்மீதே விழும். அப்பா பல வாரங்கள் வெட்டி வெட்டித் தோற்றாராம். பிறகு மேல் வகுப்பு மாணவர் ஒருவர், "வாளை உறையில போடுடா" என்றாராம். வாளை உறையிலிட்டதும் நிழல் அவனோடு ஒன்றாகி, அதுவரை இல்லாத பாதை காலடியில் தோன்றிற்றாம்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து நான் கேட்கும் முதல் கேள்வி, "நீ அவளுடைய தங்கையா?" என்பதே. மதிப்பெண் அட்டை வரும் நாளில் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அக்காவின் பழைய அட்டையை எடுத்து அருகில் வைத்துப் பார்ப்பார். நானும் மனத்துக்குள் அக்காவோடு வாள் வீசிக்கொண்டே இருந்தேன். வெட்டுப்பட்டதெல்லாம் நான்தான். அவளுக்குப் பிடித்த கணிதத்தை வெறுத்தேன். எனக்குப் பிடித்த ஓவியத்தையும் 'அவளுக்கு வராதது' என்பதற்காகவே பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அக்காவிடம், "எனக்கு வடிவியல் சொல்லித் தர்றியாக்கா?" என்று கேட்டேன். இத்தனை ஆண்டுகளில் அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை. அவள் வியப்புடன் பார்த்துவிட்டு, "எனக்கு வரையக் கத்துக்கொடு" என்றாள்.

என் தீர்ப்பு இதுதான்: மூத்ததன் உடையை உடுத்திக்கொள்வது மரியாதை ஆகாது. அதனிடம் கற்றதைக் கொண்டு தன் காலால் தாவுவதே மரியாதை. புதிய விளையாட்டு அதைச் செய்திருக்கிறது என்றே கருதுகிறேன்.

அப்பா தீர்ப்பை ஏற்றாரா என்கிறீர்களா? விடுமுறையின் கடைசி நாள் மாலை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கணினி முன் அமர்ந்தார். ஒரே குழியில் ஏழு முறை விழுந்தார். எட்டாவது முறை தாண்டியதும், "சரி சரி, இவனும் நம்ம வீட்டுப் பிள்ளைதான்" என்றார். எந்தப் பிள்ளையைச் சொன்னாரோ! அப்போது அவர் பார்வை கணினித் திரையில் இல்லை, என்மீது இருந்தது.