பரணில் இருந்த விருந்தாளிகள்

போலந்து தேசத்தின் தென்கிழக்கே, ரெஷோவ் நகரத்துக்கு அப்பால், மார்கோவா என்றொரு கிராமம் இருக்கிறது. வயலும் பழத்தோட்டமுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர். வெளியூர்க்காரர்கள் அங்கே போவது ஒரு வீட்டின் கதையைக் கேட்பதற்காக.

அந்த வீட்டுக்காரர் யூசெப் உல்மா பலே ஆசாமி! பழமரக் கன்றுகள் வளர்த்தார், தேனீயும் பட்டுப்பூச்சியும் வளர்த்தார், புத்தகப் பிரியர். புகைப்படம் எடுப்பதில் அவருக்குத் தனி மோகம். 1935-ல் விக்டோரியாவை மணந்தார். வரிசையாக ஆறு குழந்தைகள். குழந்தைக்கு எழுதக் கற்றுக்கொடுக்கும் விக்டோரியாவை அவர் எடுத்த படம் இன்றும் இருக்கிறது.

1939-ல் ஜெர்மானியர் போலந்தைப் பிடித்தார்கள். யூதருக்கு இடங்கொடுத்தால் மரண தண்டனை என்று 1941-ல் உத்தரவு போட்டார்கள். அப்படியிருந்தும் மறு வருஷமே உல்மா தம்பதிகள் எட்டு யூதர்களுக்குத் தங்கள் வீட்டுப் பரணில் இடங்கொடுத்தார்கள். ஒரு முதியவர், அவருடைய நான்கு பிள்ளைகள், இரண்டு சகோதரிகள், அவர்களில் ஒருத்தியின் சிறு பெண்.

நம் வீட்டுக்கு நாலு விருந்தாளிகள் வந்து இரண்டு நாள் தங்கினாலே அடுப்படியில் எவ்வளவு திண்டாட்டம்! யுத்த காலப் பஞ்சத்தில் 16 பேருக்கு, அதுவும் அக்கம்பக்கத்தாருக்குச் சந்தேகம் வராமல், ஒரு வருஷத்துக்கு மேல் விக்டோரியா சாப்பாடு போட்டாள்.

யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். 1944 மார்ச் 24-ந் தேதி விடியுமுன், அருகிலுள்ள வாஞ்சுத் நகரத்திலிருந்து ஜெர்மன் போலீஸார் வந்தார்கள். முதலில் யூதர்களைச் சுட்டார்கள். பிறகு யூசெப்பையும் கர்ப்பிணியான விக்டோரியாவையும் வாசலில் நிறுத்திச் சுட்டார்கள். கடைசியில் குழந்தைகளையும் விடவில்லை. மூத்தவளுக்கு எட்டு வயது நிரம்பவில்லை. கடைக்குட்டிக்கு இரண்டு முடியவில்லை.

ஊரில் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்வதற்கில்லை. 1942-ல் ஒளிந்திருந்த யூதர்களைத் தேடிப் பிடித்ததில் உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். ஆனால் அதே ஊரில் வேறு சில வீடுகளிலும் யூதர்கள் மறைந்திருந்தார்கள். உல்மா வீட்டுக்கு நேர்ந்ததைக் கண்ட பிறகும் அந்த வீட்டார் அவர்களை வெளியே போகச் சொல்லவில்லை. யுத்தம் முடிந்தபோது இருபது பேராவது உயிரோடு வெளியே வந்தார்கள்.

1995-ல் இஸ்ரேல் தேசம் உல்மா தம்பதிகளைக் கௌரவித்தது. 2016-ல் மார்கோவாவில் அவர்கள் பெயரால் ஒரு காட்சிசாலை திறந்தார்கள். யூசெப் எடுத்த படங்களை அங்கே பார்க்கலாம். அவர்கள் வீட்டு பைபிளும் இருக்கிறது. வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய சமாரியனின் கதை வரும் இடத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. 2023-ல் கத்தோலிக்கத் திருச்சபை, விக்டோரியாவின் வயிற்றிலிருந்த சிசு உட்பட அந்தக் குடும்பம் முழுவதையும் அருளாளர்களாக அறிவித்தது.

மற்ற வீட்டுப் பெண்களின் பெயர்கள் அவ்வளவாக வெளியே தெரியாது. மார்ச் 25-ந் தேதி காலையிலும் அவர்கள் அடுப்பு மூட்டியிருப்பார்கள். வழக்கம்போல, பரணில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் உலை வைத்திருப்பார்கள், அல்லவா?