கண்மாய்ப் புழுதியும் பேரனின் காரும்

முழு ஆண்டு லீவுக்குப் பேரன் சென்னையிலிருந்து வந்தபோது, ஒரு அட்டைப்பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். உள்ளே ரிமோட் கார். விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்தேன். திறந்து காட்டியதும் அசந்துபோனேன். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, ஒன்றரைக் கிலோ எடை. அதற்குள் ஷாக் அப்சார்பர், டிஃபரன்ஷியல், கிளட்ச் எல்லாமே இருந்தன. 34 வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் ஊர்க் கண்மாய் இப்போது வற்றிக் கிடக்கிறது. அடியில் இறுகிய களிமண், மேலே பவுடர் மாதிரி புழுதி. டவுன் பையன்கள் இரண்டு பேர் தங்கள் கார்களோடு வர, செங்கல்லை வரிசையாக வைத்து ஞாயிற்றுக்கிழமை பந்தயம் விட்டார்கள். எங்கள் கார் ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் வழுக்கி, வந்த திசையைப் பார்த்துத் திரும்பி நின்றது. கடைசி இடம்தான். "நான் ஊருக்கே போறேன்" என்று பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"பிடி இல்லேன்னா இறுக்கணும்டா" என்று நான் களத்தில் இறங்கினேன். அவனிடம் இருந்ததிலேயே கெட்டியான ஸ்பிரிங்கைப் போட்டேன். ஷாக்கில் கெட்டி எண்ணெய் ஊற்றினேன். கிளட்ச்சையும் இறுக்கினேன். மறுநாள் ஓட்டிப் பார்த்தால், கார் நேர் பாதையிலேயே சுழன்றது.

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "தாத்தா, தப்பா நினைச்சுக்காதீங்க. எல்லாத்தையும் தலைகீழா செஞ்சிட்டோம்னு தோணுது."

'நீ எனக்குச் சொல்லித் தர்றியா?' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதே வார்த்தையை 1987-ல் டிப்போவில் ஒரு அப்ரண்டிஸ் பையனிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு பஸ் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு ஓடியது. நான் இரண்டு நாளாக முன் சக்கர அலைன்மெண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பின்பக்கம் ஸ்பிரிங் சென்டர் போல்ட் உடைஞ்சு ஆக்சில் நகர்ந்திருக்கும் சார்" என்றான் அவன். எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினேன். அன்று ராத்திரி தனியாகப் படுத்துப் பார்த்தேன். போல்ட் உடைந்துதான் இருந்தது. மாற்றிவிட்டு, யாரிடமும் வாயே திறக்கவில்லை.

"சரி, நீ சொல்லு. நான் அலன் கீ பிடிக்கிறேன்" என்றேன் பேரனிடம்.

முதலில் டயர். அதில் காற்று கிடையாது, உள்ளே ஸ்பாஞ்சுதான். நெருக்கமான சிறு முள் டயரைக் கழற்றிவிட்டு, புழுதியைக் குத்தி அடிமண்ணைத் தொடும்படி, இடைவெளி விட்ட உயரமான முள் டயரைப் போட்டோம். மெல்லிய ஸ்பிரிங், நீர்த்த எண்ணெய். வண்டி கொஞ்சம் சாய்ந்து அமுங்கினால்தான் எடை பின் சக்கரத்துக்கு இறங்கும். கெட்டியாக இருந்தால் சக்கரம் மண்ணைத் தொடாமல் துள்ளும். பேட்டரியைப் பின்னுக்குத் தள்ளினோம். சேற்றில் பஸ் மாட்டினால் "எல்லாரும் பின் சீட்டுக்குப் போங்க" என்று கண்டக்டர் கத்துவாரே, அதே கணக்குதான். பின் சக்கரங்களுக்கு 3 டிகிரி டோ-இன் வைத்தோம். கிளட்ச்சைத் தளர்த்தினோம், கிளம்பும்போது சற்றே வழுக்கட்டும் என்று. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், ஓட்டிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வது. இது மட்டும் நான் சொன்ன யோசனை.

அடுத்த ஞாயிறு பத்துச் சுற்றில் ஒரே ஒரு தடவைதான் சுழன்றது. இரண்டாம் இடம். தலை முதல் கால் வரை புழுதியோடு வந்த எங்களைப் பார்த்து, "ரெண்டு பேரும் குளிக்காம உள்ள வந்தா சோறு கிடையாது" என்றாள் என் வீட்டுக்காரி.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அப்ரண்டிஸ் கதையைப் பேரனிடம் சொன்னேன். இதுவரை நான் யாருக்கும் சொல்லாதது. கேட்டுவிட்டு, "அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே தாத்தா" என்றான்.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது. தற்செயலாக இதை நீங்கள் படித்தால், தம்பி, அன்றைக்கு நீங்கள் சொன்னதுதான் சரி.